‘ஒண்ணும் பண்ணாது சார்!’

நாய் வளர்க்கும் தமிழர்கள் அனைவருக்கும் மனப்பாடமான வாக்கியம் ஒன்று உண்டு. ‘ஒண்ணும் பண்ணாது சார்’ என்பது அது. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரையிலோ, திருச்சியில் உய்யக்கொண்டான் வாய்க்கால் ஓரத்திலோ விடியற்காலையில் நடக்கச் செல்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறையேனும் இதைக் கேட்டிருப்பார்கள். சொல்பவர் கையில் சங்கிலி இருக்கும். சங்கிலியின் மறுமுனையில் நாய் இராது. அது நூறடி முன்னால் ஓடி, முன்பின் அறியாத ஒரு முதியவரின் வேட்டி நுனியை முகர்ந்துகொண்டிருக்கும். முதியவர் கல்லாய்ச் சமைந்து நிற்பார். உரிமையாளர் தம் நடையின் வேகத்தைச் சற்றும் கூட்டாமல், அங்கிருந்தபடியே இந்த வாக்கியத்தை எறிவார்.

இலக்கணம் கற்பித்து வயிறு வளர்க்கும் நமக்கு முதலில் கண்ணில் படுவது அந்த வினைமுற்றுதான். பண்ணாது என்பது எதிர்மறை. காலங்காட்டும் உறுப்பு எதுவும் இல்லாமல் முக்காலத்துக்கும் பொதுவாய் நிற்பது என்று மரபிலக்கணம் சொல்லும். நேற்றும் செய்யவில்லை, இன்றும் செய்யாது, நாளையும் செய்யப்போவதில்லை என்று ஒரு விலங்கின் சார்பில் அதன் உரிமையாளர் எழுதிக்கொடுக்கும் பத்திரம் இது. பத்திரத்தில் நாயின் கையொப்பம் மட்டும் இல்லை.

நம் கட்சியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறோம். கூப்பிட்டால் திரும்பி வராத நாயைப் பொதுவிடத்தில் அவிழ்த்துவிட எவருக்கும் உரிமை இல்லை. அதே மூச்சில் மற்றொன்று: அவிழ்த்துவிட்டால் ஆபத்து என்று சொல்லி ஒரு நாயை ஆயுள் முழுவதும் வாசற்கம்பியில் கட்டிவைக்கவும் எவருக்கும் உரிமை இல்லை. இவ்விரு அநீதிகளுக்கும் நடுவே ஒரே ஒரு வழிதான் செல்கிறது. அது பயிற்சி. திருச்சியில் நாய் வளர்ப்போரில் மிகப் பலர் முதல் அநீதியையோ இரண்டாம் அநீதியையோ தேர்ந்துகொண்டு, நடுவழியை ‘அதெல்லாம் போலீஸ் நாய்க்குத்தான்’ என்று ஒதுக்கிவிடுகிறார்கள். அதை எதிர்த்தே இக்கட்டுரை.

*

இலக்கியம் பேசும் இடத்தில் நாய்க்கு என்ன வேலை என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞமலி, ஞாளி, சுணங்கன், குக்கல் என்று ஒரு விலங்குக்கு இத்தனை பெயர் வைத்த மொழி, அதை வாசலில் கட்டிவைத்துப் பார்த்து அப்பெயர்களைப் பெறவில்லை. பெரும்பாணாற்றுப்படையில் எயினர்கள் வாய் பிளந்த நாய்களைக் கொண்டு புதர்களை அலைத்து, வலை கட்டி முயல் பிடிக்கிறார்கள். கயிற்றில் கட்டிய நாயைக் கொண்டு புதர் அலைக்க முடியாது. விரட்டும் நாய் விரட்டவும் வேண்டும், அழைத்தால் நிற்கவும் வேண்டும். இல்லையேல் முயலும் போகும், நாயும் போகும். அவிழ்த்த நாயோடு வேலை செய்யும் கலை மேனாட்டுப் புத்தகங்களிலிருந்து நமக்கு இறக்குமதியானதன்று.

இன்னும் உறுதியான சான்று கல்லில் இருக்கிறது. திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் ஆட்சிக்காலத்தில், அதாவது 7ஆம் நூற்றாண்டில், நாட்டப்பட்ட நடுகல் ஒன்று உண்டு. எருமைகளைக் காக்கும் பூசலில் மடிந்த கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அக்கல்லில் அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாயும் நிற்கிறது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், இரண்டு கள்வரைக் கடித்து அது காத்து நின்றது என்றும் கல்வெட்டு பதிவுசெய்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர் மக்கள் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிவைத்தார்கள் என்றால், அந்த நாய் அவர்கள் நம்பிக்கைக்கு உரியதாய் இருந்தது என்று பொருள். மகாபாரதத்தின் இறுதியில் தருமனைப் பின்தொடர்ந்து மலையேறும் நாயின் கழுத்திலும் கயிறு இருந்ததாக வியாசர் சொல்லவில்லை.

நாய் தானாகவே விசுவாசி, அதற்குப் பயிற்சி எதற்கு என்பார்கள். இந்தச் சோம்பலுக்கும் நம் இலக்கியத்தையே துணைக்கு அழைப்பார்கள். எறிந்த வேல் உடலில் தைத்திருக்கும்போதும் எறிந்தவனைப் பார்த்து வாலாட்டும் நாயை நாலடியார் நட்புக்கு உவமையாக்கியது உண்மைதான். அந்த உவமை நட்பைப் பற்றியது. வேல் எறியும் உரிமையைப் பற்றியதன்று. விசுவாசம் வேறு, அழைத்தவுடன் திரும்புதல் வேறு. உங்களுக்காக உயிரைவிடத் துணியும் நாயே, எதிர்ச்சாரியில் ஓடும் பூனையைக் கண்டதும் உங்கள் குரலைக் கேளாமல் பேருந்துச் சக்கரத்தில் போய் விழும். அன்பு பிறப்பிலே வருவது. திரும்பி வருதலோ கற்றுக்கொடுத்தால் மட்டுமே வருவது.

*

முதலில் கட்டிவைப்போரைக் கவனிப்போம்.

தில்லைநகரிலும் கே.கே. நகரிலும் வீட்டுக்கு வீடு தொங்கும் ‘நாய்கள் ஜாக்கிரதை’ப் பலகைக்குப் பின்னால், மாடிப்படிக்குக் கீழே, நான்கடிச் சங்கிலியில் ஒரு ஜீவன் நாள் முழுவதும் அரைவட்டம் போட்டுக்கொண்டிருக்கும். ‘கட்டிப்போட்டால்தான் ரோஷம் வரும்’ என்பது இவர்களின் சித்தாந்தம். வருவது ரோஷம் அன்று, பீதி. தப்பி ஓட வழியில்லாத விலங்குக்கு எஞ்சியிருக்கும் ஒரே ஆயுதம் பல். தெருவில் போகும் ஒவ்வொருவரையும் அது பகைவராகக் கருதக் கற்கிறது. குரைக்கிறது, போகிறவர் போய்விடுகிறார். தன் குரைப்பால்தான் போனார் என்று அது முடிவு கட்டுகிறது. ஒரு நாளைக்கு நூறு முறை இப்பாடம் நடக்கிறது. பிறகு ஒருநாள் சங்கிலி அறுந்தால் என்ன ஆகும் என்று விளக்கவேண்டியதில்லை.

இது சட்டத்துக்கும் புறம்பானது என்பது பலருக்குத் தெரியாது. 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் 11ஆம் பிரிவில், நியாயமற்ற நேரத்துக்கு, நியாயமற்ற அளவு குட்டையான அல்லது கனமான சங்கிலியில் விலங்கைக் கட்டிவைப்பதைக் குற்றமாக்குகிறது. அடுத்த உட்பிரிவு நாயைப் பெயர் சொல்லியே பேசுகிறது: வழக்கமாகக் கட்டியோ அடைத்தோ வைக்கப்படும் நாயை உரிய அளவு நடமாடவிடாத உரிமையாளர் குற்றவாளி. 1960இலேயே நாடாளுமன்றம் இதை யோசித்திருக்கிறது. நம் வாசற்கம்பிகள் இன்னும் யோசிக்கவில்லை.

அடுத்து அவிழ்த்துவிடுவோர். இவர்கள் தங்களைத் தாராளவாதிகளாகக் கருதிக்கொள்பவர்கள். ‘பாவம், கொஞ்சம் ஓடட்டுமே’ என்று கருணையோடுதான் தொடங்குகிறார்கள். ஆனால் ஸ்ரீரங்கம் என்ன மாதிரியான ஊர் என்று ஒரு கணம் எண்ணிப் பார்க்கவேண்டும். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் ஒரு தீவு. நடுவில் ஏழு சுற்று மதில். அந்த மதில்களுக்குள்ளேயே சித்திரை வீதியும் உத்திர வீதியும், வீடும் கடையும் பள்ளிக்கூடமும். சித்திரைத் தேரும் தைத்தேரும் ஓடும் அதே வீதிகளில் மற்ற நாட்களில் இருசக்கர வண்டிகள் ஓடுகின்றன. அம்மா மண்டபம் படித்துறையில் அமாவாசைதோறும் பிண்டம் வைக்கிறார்கள். அந்தச் சோற்றுக்குக் காக்கையும் மாடும் தெருநாயும் காத்து நிற்கும். தந்தைக்கு எள்ளும் நீரும் இறைத்துக்கொண்டிருப்பவரின் இலையில் உங்கள் லாப்ரடார் வாய் வைத்தால், ‘ஒண்ணும் பண்ணாது சார்’ என்று அவரிடம் போய்ச் சொல்வீர்களா?

சொல்வார்கள். சொல்லக் கேட்டிருக்கிறோம்.

எல்லாம் இப்படி இலையோடு முடிந்துவிடுவதில்லை. 2024 மே மாதத்தில் சென்னை ஆயிரம் விளக்குப் பகுதியில் மாநகராட்சிப் பூங்கா ஒன்றில் 5 வயதுச் சிறுமியை இரண்டு ராட்வைலர் நாய்கள் கடித்துக் குதறிய செய்தியை நாம் அனைவரும் படித்தோம். அப்போது எழுந்த விவாதம் முழுவதும் எந்த இனத்தைத் தடைசெய்யலாம் என்பதைப் பற்றியதாகவே இருந்தது. இனம் ஒரு காரணம்தான். சங்கிலி அவிழ்ந்த நாயைத் திருப்பி அழைக்கக்கூடிய மனிதர் அருகில் இல்லாமற்போனது அதைவிடப் பெரிய காரணம். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவு, தம் விலங்கினால் பிறர் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து நேராமல் காக்கத் தவறியவருக்கு 6 மாதம் வரை சிறையும் 5,000 ரூபாய் வரை அபராதமும் விதிக்க இடம் தருகிறது. சட்டம் இருக்கிறது. ஆனால் சட்டம் கடிபட்ட பிறகு வருவது. பயிற்சியோ கடிக்கு முன்னால் வருவது.

*

சரி, பயிற்சி என்றால் என்ன? மந்திரமா? இல்லை. தமிழ்நாட்டு வீட்டில், தமிழ்நாட்டுத் தெருவில், கைக்காசு அதிகம் செலவழிக்காமல் செய்யக்கூடியது. நம் வீட்டில் வளரும் நாட்டுநாய்க்கு இப்போது பதினான்கு மாதம். அதனோடு பழகியும், இத்துறையில் எழுதப்பட்டவற்றைப் படித்தும் தெளிந்தவற்றைச் சொல்கிறோம்.

முதலில் சொல். கூப்பிடுவதற்கு ஒரு சொல் வேண்டும். அச்சொல் வேறு எதற்கும் பயன்படக்கூடாது. ‘வா’ என்பது பாழான சொல். பால்காரரையும் ‘வா’ என்கிறோம், பிள்ளையையும் ‘சாப்பிட வா’ என்கிறோம். நாள் முழுவதும் பொருளின்றி ஒலிக்கும் சொல்லுக்கு நாய் ஏன் செவி கொடுக்கவேண்டும்? நம் நடுத்தர வர்க்கம் இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறது: நாயோடு ஆங்கிலம் பேசுவது. மொழிப்போர் பற்றி மேடையில் முழங்குபவர் வீட்டிலும் நாய்க்கு ‘கம்’, ‘சிட்’தான். ஆங்கிலம்தான் நாய்க்குப் புரியும் என்று நம்புகிறார்கள் போலும்! நாய்க்கு எம்மொழியும் ஒலிதான். தேவை, வீட்டில் வேறு பொருளில் புழங்காத ஒலி. தொலைவுக்குக் கேட்கும்படி நெடிலில் இழுக்கக்கூடிய ஒலி. நம் வீட்டில் ‘வாராய்’ என்கிறோம். பழைய திரைப்பாடல் நினைவுக்கு வந்து சிரிப்பவர்கள் உண்டு. நாய் சிரிப்பதில்லை, வருகிறது. சீழ்க்கை அடிக்கத் தெரிந்தவர்களுக்கு அது இன்னும் நல்லது. கோபமும் பதற்றமும் குரலில் ஏறும், சீழ்க்கையில் ஏறாது.

இரண்டாவது கூலி. அழைத்து வந்ததற்குக் கூலி கொடுத்தாகவேண்டும், அதுவும் வாய்க்கு ருசியாக. வேகவைத்த ஈரல் துணுக்கும் உப்பு நீக்கிய கருவாடும் உத்தமம். மரக்கறி வீடுகளில் பன்னீர்த் துண்டு, தேங்காய்ச் சில்லு. கோயிற் பிரசாதம் என்று சர்க்கரைப் பொங்கலைக் கொடுத்துவிடாதீர்கள். அதில் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்துக்கு நஞ்சு. சாக்லேட்டும் வெங்காயமும் அப்படியே. ‘லஞ்சம் கொடுத்துப் பழக்குவதா?’ என்று கேட்பவர்கள் மாதக் கடைசியில் சம்பளம் வாங்காமல் வேலை செய்துவிட்டு வந்து கேட்கட்டும். பழக்கம் நிலைத்த பிறகு ஒவ்வொரு முறையும் கொடுக்கவேண்டியதில்லை. எப்போது கிடைக்கும் என்று முன்கூட்டித் தெரியாத பரிசுக்கு விலங்கு இன்னும் ஊக்கமாக உழைக்கும் என்பதை ஸ்கின்னரின் சோதனைகள் காட்டி நெடுங்காலமாகிறது. லாட்டரிச் சீட்டு விற்ற ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவேண்டுமா என்ன?

மூன்றாவது இடம். முதலில் கூடம், பிறகு மொட்டைமாடி, பிறகு கொல்லை. ஆளில்லாத திறந்தவெளி அதன் பிறகுதான். அங்கும் முதல் நாளே அவிழ்ப்பதன்று. பத்து, பதினைந்து மீட்டர் நீளப் பருத்திக் கயிறு ஒன்றைக் கழுத்துப்பட்டையில் கட்டாமல், மார்பைச் சுற்றிப் போடும் பட்டையில் கட்டவேண்டும். ஓடும் வேகத்தில் கயிறு இறுகினால் கழுத்து தாங்காது. கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்ளாமல் மணலில் இழுபடவிடவேண்டும். நாய் தான் விடுதலையாக இருப்பதாக நினைக்கும். நீங்களோ கயிற்றின் நுனிக்குப் பக்கத்திலேயே இருப்பீர்கள். கொள்ளிடத்து மணல்வெளி இதற்குத் தோதானது. ஆனால் வெயில் ஏறினால் அம்மணல் பாதத்தைச் சுட்டுவிடும் என்பதையும், முக்கொம்பில் தண்ணீர் திறக்கும் நாட்களில் நேற்றைய மணல்வெளி இன்று ஆறாகிவிடும் என்பதையும் மறக்கக்கூடாது.

நான்காவது படிகள். மணலில் காகம் உட்கார்ந்திருக்கும்போது கூப்பிடுங்கள். அது கைவந்தால் ஆட்டு மந்தைக்குத் தொலைவில், பிறகு அருகில். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் பிற நாய்கள். எந்தப் படியிலும், வராது என்று தோன்றும்போது கூப்பிடாதீர்கள். பலனற்ற ஒவ்வொரு கூப்பாடும் அச்சொல்லின் மதிப்பை ஒரு படி குறைக்கும். ‘டைகர், டைகர், டைகர்’ என்று பத்து முறை கத்துபவர் தம் நாய்க்கு ஒன்றைத்தான் கற்பிக்கிறார்: முதல் ஒன்பதையும் பொருட்படுத்தவேண்டியதில்லை.

ஐந்தாவதுதான் உயிர்நிலை. பெரும்பாலோர் நாயை எப்போது கூப்பிடுகிறார்கள்? வீட்டுக்குக் கிளம்பும்போது. வந்தவுடன் கொக்கியை மாட்டுகிறார்கள், விளையாட்டு முடிந்தது. அந்தச் சொல் கேட்டால் விடுதலை பறிபோகும் என்று இரண்டே நாளில் நாய் கற்றுக்கொள்கிறது. மூன்றாம் நாள் வருவதில்லை. இதில் நாயின் பிழை எங்கே? பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை கூலி கொடுத்து, கழுத்தைத் தொட்டு, மீண்டும் ‘போ’ என்று ஓடவிடவேண்டும். திரும்பி வந்தால் மறுபடியும் விடுதலை கிடைக்கும் என்று அறிந்த நாயே திரும்பி வரும். இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொண்டாலும் போதும்.

ஓடிவிட்டால்? துரத்தாதீர்கள். நீங்கள் துரத்துவது அதற்கு விளையாட்டு. எதிர்த்திசையில் நீங்கள் ஓடுங்கள். அது உங்களைத் துரத்தும்.

*

இவ்வளவும் சொன்ன பிறகு வருவார்கள் அடிப்போர். ‘நாலு போட்டால் தானாக வரும்’ என்பது அவர்கள் வேதம். திருச்சியில் பயிற்றுநர் என்று பெயர்ப்பலகை மாட்டிய ஒருவர், உட்புறம் முள் வைத்த கழுத்துப்பட்டையை நம்மிடம் காட்டி, ‘ஒரு வாரத்தில் வழிக்கு வந்துவிடும்’ என்றார். எவருடைய வழிக்கு என்று கேட்டோம். பதில் இல்லை.

இது இரக்கம் மட்டும் சார்ந்த பிரச்சினை அன்று, பயன் சார்ந்ததும்கூட. 2020இல் இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அழைத்தால் வராதது முதலிய குறைகள் கொண்ட 63 நாய்களைப் பிரித்து, சிலவற்றை மின்னதிர்ச்சிக் கழுத்துப்பட்டை கொண்டும் சிலவற்றைப் பரிசு கொடுத்தும் பழக்கினார்கள். பரிசு கொடுத்துப் பழக்கப்பட்டவை எவ்வகையிலும் பின்தங்கவில்லை. சிலவற்றில், அதாவது முதற்குரலுக்கே பணிவதில், முந்தி நின்றன. அதே ஆண்டில் போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை வைத்து நடந்த மற்றோர் ஆய்வில், தண்டித்துப் பழக்கும் பள்ளிகளின் நாய்கள் கூடுதல் மனவழுத்தத்தை நடத்தையிலும் உமிழ்நீர்ச் சோதனையிலும் காட்டின. அடி கொடுத்து அழைக்கும் கையை நோக்கி எந்த விலங்கு விரும்பி ஓடி வரும்?

நாம் கரையில் காணும் மிகக் கொடுமையான காட்சி இதுதான். அரை மணி நேரம் போக்குக் காட்டிய இளநாய் ஒருவழியாகத் தானே திரும்பி வருகிறது. உரிமையாளர் அதன் முகத்தில் அறைகிறார். ஓடியதற்கு அடித்ததாக அவர் நினைக்கிறார். வந்ததற்கு அடி விழுந்ததாக நாய் நினைக்கிறது. இருவரில் தர்க்கம் நாயின் பக்கம்தான் இருக்கிறது.

குட்டிப் பருவத்தில் சொன்னபடி கேட்டது, இப்போது கெட்டுப்போய்விட்டது என்று புலம்புவோருக்கும் ஒரு செய்தி. 2020இல் வெளிவந்த இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வு, 5 மாத வயதைவிட 8 மாத வயதில் நாய்கள் தம்மை வளர்ப்பவரின் சொல்லுக்குக் குறைவாகவே பணிவதையும், அதே வேளையில் அந்நியர் சொன்னால் பணிவதையும் கண்டறிந்தது. கல்லூரி ஆசிரியர்களுக்கு இதில் வியப்பு ஏதும் இல்லை. வீட்டில் தந்தை பேச்சைக் கேளாத பையன் நம் வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருப்பதைத் தினமும் பார்க்கிறோம். அது விடலைப் பருவம், கடந்துபோகும். கடக்கும்வரை நீண்ட கயிறு. ஆனால் நம் ஊரில் நாயை அடிப்பதும், கட்டிப்போடுவதும், கொண்டுபோய் ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வருவதும் தொடங்குவது இந்தப் பருவத்தில்தான்.

‘நாட்டுநாய்க்குப் பயிற்சி ஏறாது’ என்பது அடுத்த வசனம். இராஜபாளையமும் சிப்பிப்பாறையும் கன்னியும் கோம்பையும் வேட்டைக்கும் காவலுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகப் பழக்கப்பட்ட இனங்கள். இந்திய அஞ்சல்துறை 2005 ஜனவரியில் வெளியிட்ட நாயின அஞ்சல்தலைகளில் இராஜபாளையமும் ஒன்று. தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றித் தனி நூலே எழுதி 2017இல் வெளியிட்டார். அஞ்சல்தலையில் ஒட்டுவதற்குத் தகுதியான நாய், அழைத்தால் வரத் தகுதியற்றதா? வேட்டை இன நாய் ஓடுவதைக் கண்டால் துரத்தும் என்பது மெய்தான். அதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும், கூடுதல் கயிறு வேண்டும். இயலாது என்று பொருளில்லை.

*

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். மேனாட்டுக் கையேடுகள் எழுதப்பட்ட ஊர்களில் தெருநாய்க் கூட்டம் இல்லை. அங்கே நாயைச் சோதிப்பது ஓர் அணிலோ பந்தோதான். இங்கே ஒவ்வொரு தெருமுனைக்கும் ஒரு படை உண்டு. அதற்கு எல்லை உண்டு. அழைத்தால் வரும் நாயாகவே இருந்தாலும், அந்த எல்லைக்குள் அவிழ்ந்து நுழைந்தால் நான்கு நாய்கள் சூழ்ந்துகொண்ட பிறகு உங்கள் சொல் எடுபடாது. ஆகவே நம் ஊரில் அவிழ்த்துவிடத்தக்க நாய் என்றால், எங்கும் அவிழ்த்துவிடலாம் என்று பொருளன்று. தெருவில் கயிறு, திறந்தவெளியில், சுற்றிலும் பார்த்த பிறகு, விடுதலை. தடுப்பூசிகள் முடியாத குட்டியைத் தெருவில் இறக்குவதே கூடாது. பார்வோ தாக்கினால் நாட்கணக்கில் போய்விடும். தீபாவளிக்கும் கோயில் உற்சவ வெடிக்கும் எவ்வளவு பழகிய நாயும் வெருண்டோடும். அந்நாட்களில் கயிற்றைக் கழற்றாதீர்கள். கருத்தடை செய்யாத வளர்ப்பு நாயை அவிழ்த்துவிடுபவர், தெருநாய்த் தொல்லை பற்றி மாநகராட்சிக்கு மனு எழுதும் உரிமையை இழக்கிறார்.

இவ்வளவு வலியுறுத்தக் காரணம் இருக்கிறது. 2025 ஆகஸ்டு 11 அன்று உச்ச நீதிமன்றத்தின் இருவர் அமர்வு, டெல்லியிலும் சுற்றுப்புறத்திலும் உள்ள தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்டு 22 அன்று மூவர் அமர்வு அதைத் திருத்தி, வெறிநோய் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. நவம்பர் 7 அன்று, கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், பேருந்து நிலையங்கள், ரயில் நிலையங்கள் போன்ற இடங்களிலிருந்து தெருநாய்களை அகற்றவும், அவற்றை அங்கேயே திரும்ப விடாதிருக்கவும் உத்தரவிட்டது. இவ்வாணைகளின் நியாய அநியாயம் இங்கே நம் பொருளன்று. அவற்றுக்குப் பின்னால் இருக்கும் அச்சம்தான் பொருள். மனிதரும் நாயும் ஒரே தெருவில் நடக்கலாம் என்ற பழைய நம்பிக்கை தேய்ந்துகொண்டு வருகிறது. அதைத் தேய்ப்பதில், கையில் வெறுஞ்சங்கிலியோடு ‘ஒண்ணும் பண்ணாது சார்’ என்று நடப்பவருக்குத் தெருநாயைவிடப் பெரிய பங்கு உண்டு. தெருநாய்க்குச் சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. இவர் நாய்க்கு இவர் இருந்தார்.

ஆகவே இரண்டு கோரிக்கைகள். ஒன்று மாநகராட்சிக்கு. நாய்களைப் பழக்குவதற்கென்று ஒவ்வொரு கோட்டத்திலும் வேலியிட்ட ஒரு நிலம் வேண்டும். ஆளுயர வேலி, ஒன்று திறக்கும்போது மற்றது மூடியிருக்கும் இரட்டைக் கதவு, ஒரு தண்ணீர்த் தொட்டி, நான்கு மரங்கள். சிலை வைக்கும் செலவில் ஒரு சிறு பகுதிகூட ஆகாது. பழக்கு என்று சொல்லிவிட்டுப் பழக்க இடம் தராமலிருப்பது நீச்சல் தெரியாதவனை ஆற்றைக் காட்டி ஏசுவது போன்றது.

மற்றது உரிமையாளருக்கு. இது கோரிக்கைகூட இல்லை, ஒரு சோதனை. நீண்ட கயிறு கட்டியிருக்கும்போதே, உங்கள் நாய் தொலைவில் இன்னொரு நாயைக் கண்டு ஓடத் தொடங்கிய அந்தக் கணத்தில், ஒரே ஒருமுறை கூப்பிடுங்கள். இரண்டாவது முறை கூடாது. அது பாதி ஓட்டத்தில் நின்று, திரும்பி, உங்களிடம் வரவேண்டும். இப்படிப் பத்து வெவ்வேறு நாட்களில், பத்து முறைக்குப் பத்து முறையும் வந்தால், அதன் பிறகு அவிழ்ப்பதைப் பற்றிப் பேசலாம். ஒன்பது முறை வந்தது, ஒருமுறைதான் வரவில்லை என்பவர்கள், அந்த ஒருமுறையில் எதிரே வந்தது ஐந்து வயதுக் குழந்தையாக இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பதை யோசித்துவிட்டுக் கொக்கியில் கை வையுங்கள்.